சும்மா இருக்கும்போது வரும் சத்தம்

அந்தச் சலவைக்கூடத்தில் வலி என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. தோள் பேசுகிறது என்பார்கள்.

"பேசுதா?" என்று துணி தேய்க்கும் ரோலரின் இந்த முனையில் நிற்பவள் கேட்பாள்.

"முணுமுணுக்குது" என்பாள் அந்த முனையில் நிற்பவள்.

ரொம்ப முடியாமல் போன நாட்களில் "இன்னைக்கு மேடை போட்டுப் பேசுது" என்று சொல்லி இரண்டு பேரும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே அடுத்த விரிப்பை எடுப்பார்கள்.

ஆஸ்பத்திரி விரிப்புகள் அவை. துவைத்துப் பிழிந்த ஈரத்தோடு தள்ளுவண்டியில் வந்து குவியும். ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி, ஒரு உதறு உதறி, ஒரே நேரத்தில் ரோலரின் வாயில் கொடுக்க வேண்டும். ஒருத்தி கை பிந்தினால் மற்றவள் பக்கம் சுருக்கு விழும். ரோலர் விழுங்க விழுங்க அடுத்தது. காலையிலிருந்து மாலை வரை கை தோளுக்குக் கீழே இறங்கும் நேரம் குறைவு.

அந்தச் சொல்லைச் சொன்னவர்களுக்கு என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். மேலே வேலை செய்ய முடியாதவர்களைக் கீழே அனுப்பிவிடுவார்கள். கீழே என்றால் தரைக்கு அடியில், ஜன்னல் இல்லாத அறை. வார்டுகளிலிருந்து வரும் அழுக்கு மூட்டைகளை அங்கேதான் அவிழ்த்து வகை வகையாகப் பிரிப்பார்கள். அங்கே கையைத் தூக்க வேண்டியதில்லை, அதனால் அது இலகுவான வேலை என்பது நிர்வாகத்தின் எண்ணம். மூட்டைக்குள் என்ன இருக்கும் என்பது அவிழ்க்கும்வரை தெரியாது. கட்டுத்துணி இருக்கும். யாரோ மறந்த கத்தரிக்கோல் இருக்கும். சில சமயம் ஊசி இருக்கும்.

நெட்டை என்று ஒருத்தி இருந்தாள். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுக் கீழே போனாள். போன கொஞ்ச நாளில் விரலில் ஊசி ஏறியது. ரத்தத்தைச் சோதித்து, பொறுத்திருந்து மறுபடி சோதிக்க வேண்டும் என்றார்கள். முடிவு வரும்வரை தன் பிள்ளைக்கு அவள் தன் கையால் சோறு ஊட்டவில்லை. கடைசியில் ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. ஆனாலும் அவள் வேலையை விட்டுப் போன அன்று, விடைகொடுக்க வந்தவர்கள் யாரையும் தொடாமல் கைகளைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள். அந்தக் கட்டிய கைகளை அண்ணியால் மறக்க முடியவில்லை.

அண்ணி என்பது கூடத்தில் எல்லாரும் அவளைக் கூப்பிடும் பெயர். அவளுடைய ரோலரின் எதிர்முனையில் நின்றவள், ஒரே வீட்டில் இருக்கும் அவள் கணவனின் தங்கை. நாத்தனார் நாள் முழுக்க "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நாத்தனாருக்குக் கூடம் வைத்த பெயர் ரேடியோ. காரணம் சொல்லத் தேவையில்லை.

அண்ணியின் வலது தோள் பல மாதங்களாகப் பேசிக்கொண்டிருந்தது. முதலில் விரிப்பைத் தூக்கும்போது மட்டும். பிறகு இறக்கும்போதும். இப்போது பாத்திரம் கழுவும்போது, தலை வாரும்போது, சும்மா படுத்திருக்கும்போதும். வீட்டில் மகள் அவள் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். கையை விலக்கிக்கொள்ள மனசில்லாமல் அண்ணி விழித்துக்கொண்டு கிடப்பாள். ரேடியோவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. கணவனிடம்கூட இல்லை. அவன் பதறிப்போய் யாரிடமாவது நியாயம் கேட்கக் கிளம்பிவிடுவான்.

இந்த நிலையில்தான் தோள் டாக்டர் வந்தாள். கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவள். தோள் வலி இருப்பவர்களின் தசையும் இல்லாதவர்களின் தசையும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று அளந்து பார்க்கிறாளாம். உணவு இடைவேளையில் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினாள். ஊசி கிடையாது, மருந்து கிடையாது, யாருக்கு என்ன என்பது நிர்வாகத்துக்குப் போகாது என்றாள். பக்கத்தில் சூப்பர்வைசர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். கசங்காத சட்டைக்காக அவருக்கு இஸ்திரி என்று பெயர்.

"இங்க யாருக்கெல்லாம் தோள் வலி இருக்கு?" என்று டாக்டர் கேட்டாள்.

ஒரு கைகூட எழவில்லை.

"ஒருத்தருக்குக்கூடவா இல்லை?"

"எங்களுக்குத் தோளே இல்லை டாக்டர்" என்றாள் ரேடியோ. எல்லாரும் சிரித்தார்கள். இஸ்திரியும் சிரித்தார். டாக்டர் தன் காகிதத்தில் ஒரு கோடு போட்டாள். பிறகு, சரி, வலி இருப்பவர்களை வேறு இடத்தில் தேடிக்கொள்கிறேன், நீங்கள் எல்லாரும் வலி இல்லாத பக்கம் என்றாள்.

அப்படித்தான் அந்தக் கூடம் முழுக்க வலி இல்லாதவர்கள் ஆனார்கள்.

அதோடு முடிந்தது என்று அண்ணி நினைத்தாள். அளக்கப் போகிறார்கள் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. வாய் இல்லை என்று சொல்லிவிட்டது. தோள் என்ன சொல்லும்? போய்வந்தவர்களிடம் சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லை அண்ணி, வில்லை மாதிரி ஒண்ணைத் தோள்ல ஒட்டுறாங்க, கையைத் தூக்கச் சொல்றாங்க" என்றார்கள். உள்ளே என்ன தெரிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அதுதான் அவளை அதிகம் கலக்கியது.

அவர்களுடைய முறை வந்தது. ஜோடி ஜோடியாகத்தான் அனுப்பினார்கள். ஒருத்தி போனால் மற்றவளுக்கு ரோலரில் வேலை இல்லை. இஸ்திரி விரலை நீட்டி, "முதல்ல நீ, அப்புறம் அவங்க" என்று ரேடியோவிடம் சொன்னார்.

விரிப்புகள் அடுக்கும் அறையின் ஒரு மூலையை ஒதுக்கி டாக்டர் நாற்காலி போட்டிருந்தாள். மேசைமேல் கணினி, சின்ன ஒலிபெருக்கி, வண்ண வண்ண ஒயர்கள். கதவில் பால்கண்ணாடி. உள்ளே போனதும் டாக்டர் மூக்கைச் சுளித்தாள்.

"தைலம் போட்டிருக்கீங்களா?"

"ஆமா டாக்டர்."

"தோள்லயா? ஏன்?"

"நீங்க தோள் டாக்டர். வெறும் தோளோட எப்படி வர்றது?"

ரேடியோவுக்குத் தோளில் ஒன்றும் கிடையாது. நோய் வருவதற்கு முன்பே மருந்து சாப்பிடும் ரகம் அவள். யாராவது தும்மினால் இவள் மாத்திரை போடுவாள். டாக்டர் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து ஒரு வில்லையை ஒட்டிப் பார்த்தாள். அது வழுக்கிக்கொண்டு முதுகுப்பக்கம் போனது. இன்னொன்று கீழேயே விழுந்தது.

"இப்படி எடுத்தா ஒண்ணும் பதிவாகாது. சோப்புப் போட்டு நல்லா கழுவிட்டு வாங்க. அதுக்குள்ள இவங்களைப் பாத்துடுறேன்."

ரேடியோ பின்கதவு வழியாகத் துவைக்கும் பக்கம் போனாள். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டாக்டரின் விரல்கள் குளிர்ந்திருந்தன. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு ஜோடி வில்லை, தோள்பட்டைக்குக் கீழே முதுகில் ஒரு ஜோடி, எலும்பின்மேல் தனியாக ஒன்று. பிறகு டாக்டர் தன் கையிலேயே இரண்டு வில்லையை ஒட்டிக் காட்டினாள். முஷ்டியை இறுக்கியதும் ஒலிபெருக்கியில் சரசரவென்று ஒரு சத்தம், தகரத்தில் மழை விழுவது போல. கையைத் தளர்த்தினாள். சத்தம் நின்றது.

"அவ்வளவுதான். தசை வேலை செஞ்சா சத்தம். சும்மா இருந்தா நிசப்தம். முதல்ல சும்மா இருக்குறதை எடுப்போம். கையை மடியில வச்சுக்கிட்டு அப்படியே தளர விடுங்க."

ஒயரைத் தன் கையிலிருந்து கழற்றி அண்ணியின் வில்லைகளில் மாட்டினாள்.

மழை கொட்டியது.

அண்ணி திடுக்கிட்டுக் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். அவை மடியில்தான் கிடந்தன. விரல் அசையவில்லை. ஆனால் அறை முழுக்க அந்தச் சத்தம். இத்தனை மாதம் தோலுக்கு அடியில் ஒளித்துவைத்தது, ஒரு சின்னப் பெட்டி வழியாக ஊருக்கெல்லாம் கேட்கும்படி வெளியே வந்துகொண்டிருந்தது.

"தளர விடுங்க" என்றாள் டாக்டர்.

"விட்டுட்டேன்."

"மூச்சை மெதுவா விடுங்க."

மூச்சை விட்டாள். சத்தம் கூடியது. நிமிர்ந்தபோது கதவின் பால்கண்ணாடியில் வெள்ளையாக ஒரு உருவம் நின்றுகொண்டிருந்தது. சட்டையின் மடிப்பு கலையாத தோள் விளிம்புகள் தெரிந்தன. இஸ்திரி. நகராமல் நின்றார். காது கொடுத்துக் கேட்பவர் நிற்கும் நிலை அது. நின்றுவிடு, நின்றுவிடு என்று அண்ணி தன் தோளைக் கெஞ்சினாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்து தெறிப்பது போல அது இன்னும் உரக்கத் தெறித்தது. எச்சில் விழுங்கினாள். அதற்கும் ஒரு சத்தம் வந்தது.

டாக்டர் ஒயர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். எலும்பின் மேலிருந்த வில்லையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினாள். "கோளாறு ஒண்ணும் தெரியலையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

வெளியே யாரோ சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள். கண்ணாடியிலிருந்து வெள்ளை விலகியது. காலடி தூரமாகப் போனது.

சத்தம் தணிந்தது. விட்டு விட்டு வந்தது. இரண்டு சொட்டு, ஒரு சொட்டு. பிறகு ஒன்றுமில்லை.

டாக்டர் கதவைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். கையை நீட்டி ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தாள். முன்பே செய்திருக்க வேண்டியது அது என்று அவள் முகத்தில் தெரிந்தது.

"இந்த மெஷினுக்கு வலி தெரியாதும்மா" என்றாள் டாக்டர். "தசை இறுகுதா தளருதா, அது மட்டும்தான் தெரியும்."

"பயந்தா?"

"பயந்தாலும் இறுகும்."

அப்படியானால் இது என்னைக் காட்டிக்கொடுக்காது என்று அண்ணி நினைத்தாள். ஒரு கணம் உடம்பே லேசானது. அடுத்து டாக்டர் அவள் கையில் ஒரு சின்ன எடைக்கல்லைக் கொடுத்து மெதுவாகப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னாள். தோள் உயரத்துக்கு வந்ததும் உள்ளே எதுவோ பிடித்தது. முகத்தில் காட்டாமல் தாண்டிப் போவது அவளுக்குப் பழகிய வேலை. தாண்டினாள். குறைத்து வைத்தும் ஒலிபெருக்கி இரைந்தது. அந்த நேரம் பார்த்து ரேடியோ ஈரத் தோளோடு உள்ளே வந்தாள்.

"என்ன அண்ணி, உன் தோள் இப்ப மைக் வச்சே பேசுது?"

"பேசுதா? அப்படின்னா?" என்றாள் டாக்டர்.

ரேடியோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். அண்ணி எடைக்கல்லை இறக்கி மடியில் வைத்தாள். டாக்டர் ஒருத்தியிலிருந்து மற்றவளுக்குப் பார்வையை நகர்த்தினாள். ஆராய்ச்சி செய்பவர்கள் கெட்டிக்காரர்கள். கொஞ்சம் தாமதமாகப் புரியும், அவ்வளவுதான்.

"இங்க எல்லாருக்கும் பேசுமா?"

ரேடியோ தோளின் ஈரத்தைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

"நான் எல்லாரையும் வலி இல்லாத பக்கம் போட்டு வச்சிருக்கேன்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "இத்தனை பேர். நாளைக்கு யாராவது தோள் வலின்னு வந்து நின்னா, உங்க தசையும் வலி இல்லாதவங்க தசையும் ஒண்ணுதான், போய் வேலையைப் பாருங்கன்னு இதை வச்சே சொல்லுவாங்க."

"எங்களை அதுல இருந்து எடுத்துடுங்க டாக்டர்" என்றாள் அண்ணி. "வேற ஒண்ணும் கேக்கலை. கீழ மட்டும் அனுப்பிட வேண்டாம்."

"என் வாயிலிருந்து எதுவும் போகாது" என்றாள் டாக்டர். போகவும் இல்லை. பிறகு ரேடியோவுக்கு வில்லை ஒட்டினாள். கையை மடியில் வைத்ததும் ஒலிபெருக்கி செத்தது போல் கிடந்தது. "இவ்வளவு அமைதியான தசையை நான் பாத்ததில்லை" என்று டாக்டர் சொல்ல, "வாய் எல்லாத்தையும் பேசிடுது, தோளுக்கு என்ன மிச்சம் இருக்கும்" என்றாள் ரேடியோ.

மறுநாள் காலை ரோலர் சூடேறும் முன்பே இஸ்திரி அவர்களிடம் வந்தார். அண்ணி கையிலிருந்த விரிப்பை வண்டியில் வைத்தாள். அவர் அவளைத் தாண்டிப் போய் ரேடியோவின் முன் நின்றார்.

"உன் சாமானை எடுத்துக்கோ. இன்னையிலிருந்து கீழ."

"நானா? எனக்கு என்ன சார்?"

"டாக்டர் சொல்லமாட்டேங்குறாங்க. எனக்குக் காது இருக்கு. நேத்து முதல்ல உக்காந்தவ நீ. நான் கதவுக்கு வெளிய நின்னேன். சும்மா உக்காந்திருக்கும்போதே அந்த இரைச்சல். உள்ள போகும்போது உன்மேல தைலம் வேற மணந்துச்சு. நாளைக்கு ரோலர்ல கை போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

ரேடியோ வாயைத் திறந்தாள். அண்ணியின் பக்கம் ஒரு பார்வை வந்து போனது. அது எதையும் கேட்கவில்லை, குற்றம் சொல்லவில்லை. பிறகு, கூடத்தில் யாரும் இதுவரை பார்த்திராத விதமாக, அவள் வாய் மூடிக்கொண்டது. தலைத்தொப்பியைக் கழற்றி ரோலரின் விளிம்பில் வைத்துவிட்டுப் படிக்கட்டை நோக்கி நடந்தாள்.

அவள் இடத்தில் வேறொருத்தி வந்து நின்றாள். ரோலர் ஓடியது. அண்ணி முனைகளைப் பிடித்தாள், தூக்கினாள், உதறினாள், கொடுத்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து பேச்சு வரவில்லை. இத்தனை வருஷத்தில் ரோலரின் சொந்தச் சத்தத்தை இன்றுதான் முதல்முறை கேட்பது போலிருந்தது.

கீழே ரேடியோ இந்நேரம் முதல் மூட்டையை அவிழ்த்திருப்பாள். பேசிக்கொண்டே அவிழ்ப்பாள். பார்க்கமாட்டாள். எந்த வேலையையும் அவள் பார்த்துச் செய்வதில்லை, வாய்தான் முன்னே போகும்.

தப்பித்துவிட்டாய் என்று உள்ளே ஒன்று சொன்னது. அண்ணி அதை மறுக்கவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது, அதுதான் கொடுமை. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. முறையை மாற்றிவிட்டது சோப்பும் தண்ணீரும்தான். சாயங்காலம் வீட்டில் ரேடியோவின் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். ஒரு நாள் விரலில் துணி சுற்றிக்கொண்டு வருவாள். அப்போதும் ஏதாவது சிரிப்பு மூட்டுவாள். அதற்குப் பிறகு அண்ணியின் பிள்ளையைத் தூக்கமாட்டாள்.

விரிப்பு பாதியில் நின்றது. அண்ணியின் கை சிவப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்திருந்தது. யாருடைய விரலாவது மாட்டினால் மட்டுமே இழுக்கும் கயிறு அது. கூடம் முழுக்க ரோலர்கள் ஒவ்வொன்றாக அடங்கின. எல்லாத் தலையும் திரும்பியது.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்று இஸ்திரி ஓடிவந்தார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை சார்." அண்ணி கயிற்றை விட்டாள். "நேத்து முதல்ல உக்காந்தது நான். அவ தைலத்தைக் கழுவப் போயிட்டா. அந்தச் சத்தம் என்னுது."

"என்ன சொல்றே? புரியும்படியா சொல்லு."

எதிரே எல்லாரும் நின்றார்கள். சிலர் வேண்டாம் என்று கண்ணால் சொன்னார்கள். கைகளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, கட்டிக்கொள்ளவில்லை.

"எனக்குத் தோள் வலி சார். வலது பக்கம். ரொம்ப மாசமா இருக்கு."

அந்தச் சொல் கூடத்தில் விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. இஸ்திரி சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் வெறும் களைப்பாகத்தான் தெரிந்தார்.

"சரி. போய் அவளை மேல அனுப்பு" என்றார். "ரோலரைப் போடுங்க. ஆஸ்பத்திரி வண்டி காத்துக்கிட்டு நிக்குது."

படிக்கட்டு ஈரமாக இருந்தது. இறங்க இறங்க ரோலரின் இரைச்சல் தேய்ந்து, வேறொரு வாடை ஏறியது. ரேடியோ கையுறை மாட்டிக்கொண்டு மேசைமுன் நின்றிருந்தாள். மூட்டை இன்னும் அவிழவில்லை.

"நீ எதுக்கு வந்தே அண்ணி?"

"மேல போ."

"நான் பாத்துக்குறேன். உனக்குப் பிள்ளை இருக்கு."

"உனக்கு வாய் இருக்கு. இங்க பேச ஆளில்லை, செத்துப்போவே. போ."

ரேடியோ சிரிக்க முயன்றாள். கையுறையைக் கழற்றி அண்ணியின் கையில் மாட்டிவிட்டாள். உள்ளே அவள் வேர்வை வெதுவெதுப்பாக இருந்தது. அண்ணி முழங்கையால் அவளை லேசாகத் தள்ளினாள். அவள் படியேறும் சத்தம் பாதியில் நின்றது, பிறகு தொடர்ந்தது.

பக்கத்து மேசைக்காரி நிமிராமல் சொன்னாள். "கையை உள்ள விடாதே. அடியைப் பிடிச்சுக் கவிழ்த்துக் கொட்டு. கொட்டிட்டு ஒரு நிமிஷம் சும்மா பாரு. பிறகு தொடு."

அண்ணி முடிச்சை அவிழ்த்தாள். மூட்டையின் அடியை இரண்டு கைகளாலும் பிடித்தாள். இடுப்பு உயரம்தான். தோள் ஒன்றும் சொல்லவில்லை. கவிழ்த்தாள். துணிகள் சரிந்து மேசைமேல் விழுந்தன. அவற்றின் நடுவே எங்கேயோ, கனமில்லாத ஏதோ ஒன்று, உலோகத்தின் மெல்லிய ஒலியோடு உருண்டு நின்றது.

அவள் கைகளைப் பின்னால் எடுத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.